முடிவைச் சொல்லாதவர்

கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் அவர் சப்டைட்டில். லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவர் வைத்த பட்டப்பெயர் அது, வைத்த அன்றே ஒட்டிக்கொண்டுவிட்டது. கடையின் பின்பக்கம் கறுப்புத் திரை போட்ட சின்ன அறையில் கண் பரிசோதிப்பது அவர் வேலை. வந்தவரின் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிச் சொருகி, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்பார். அத்தோடு விட்டால் ஒழுங்கான மனிதர் என்று நாமும் சொல்லிவிட்டுப் போகலாம். விடமாட்டார். "புதுக் கண்ணாடி வந்ததும் முதல் வேலையா எழுத்து ஓடுற படம் ஒண்ணு பாருங்க. எழுத்து படிக்க முடிஞ்சா கண்ணாடி சரி" என்று ஆரம்பிப்பார். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் நாலு பேர் கையிலிருந்ததைப் போட்டு எடுத்த, யாரும் கேள்விப்படாத படம் ஒன்றைச் சிபாரிசு செய்யாமல் ஆளை நாற்காலியிலிருந்து எழுந்திருக்க விடமாட்டார்.

சிபாரிசு வாய்க்கு வந்தபடி நடக்காது, ஆளைப் பார்த்துத்தான் படம். தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாத இரும்புக்கடைக்காரருக்கு, பழுதாகி நின்ற லிஃப்டுக்குள் ஒரு பகல் முழுக்க மாட்டிக்கொண்ட அண்ணன் தம்பி படம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் எல்லோர் மேலும் எரிந்து விழும் கணக்கு டீச்சருக்கு, வயதான காலத்தில் டாக்சி ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு அம்மாவின் படம். டீச்சர் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தார். "என்னய்யா படம் இது? பாட்டு இல்ல, சண்டை இல்ல, அந்தம்மா பாதிப் படம் கியர்தான் போடுறா" என்று கடை அதிரச் சத்தம் போட்டார். போகும்போது, "அதே மாதிரி இன்னொண்ணு இருந்தா சொல்லு" என்றும் கேட்டுவிட்டுப் போனார்.

இந்தப் பைத்தியம் கல்யாணத்துக்கு முன்பே பிடித்தது. வெளிநாட்டுப் படங்கள் போடும் ஒரு சங்கம் இருந்தது, அதற்கு ஒரு பழைய அரங்கமும் இருந்தது. அந்த அரங்க மேனேஜருக்குக் கண்ணாடி கொண்டுபோய்க் கொடுக்கக் கடையிலிருந்து இவரை அனுப்பினார்கள். உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. காணாமல் போன கழுதையைத் தேடி ஒரு கிழவி மலைமேல் ஏறிக்கொண்டிருந்தாள். கழுதை கிடைத்ததா என்று பார்த்துவிட்டுப் போகலாமே என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்தான், பிறகு எத்தனையோ வருடம் அந்த நாற்காலியை விடவில்லை.

அவரிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, படம் முடிந்து லைட் போடுகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. பாதியில் எழுந்து போகிறவனைப் பெற்ற தாயை விட்டுவிட்டு ஓடுகிறவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார். இரண்டு, எந்தப் படத்தின் முடிவையும் யாருக்கும் சொல்லக் கூடாது. தலைகீழாக நின்று கேட்டாலும் "பாத்துத் தெரிஞ்சுக்கோ" என்பதுதான் பதில். கடை முதலாளி ஒருமுறை, "நான் படம் பாக்கப் போறதே இல்லய்யா, முடிவை மட்டும் சொல்லித் தொலை" என்று கெஞ்சினார். முதலாளிக்கும் அதே பதில்தான். சம்பளம் கொடுக்கிற மனிதருக்கே அந்தக் கதி.

அவருடைய முதல் ரசிகை, ஒரே ரசிகை என்றுகூடச் சொல்லலாம், அவர் மகள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே திரையின் கீழே ஓடும் எழுத்தைப் பார்த்துத்தான். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் நிறுத்தி நிறுத்தி வாசிக்கும்போது இவள் மட்டும் கடகடவென்று வாசிப்பாள், எழுத்து மறைந்துவிடுமே என்ற பயம். "கடைசியில என்னப்பா ஆகும்?" என்று அவள் அழுது புரள்வதும், அவர் "பாத்துத் தெரிஞ்சுக்கோ" என்பதும் அந்த வீட்டில் அன்றாட விளையாட்டு. அவள் வளர்ந்து கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்த விளையாட்டு நிற்கவில்லை. அவர் மனைவி தையல் மெஷினில் சீருடைகள் தைத்துக்கொண்டே, "உங்க படத்துல எவனாவது ஒருத்தன் நிம்மதியா ஒரு வாய் சாப்பிட்டு நான் பாத்ததில்ல" என்பாள். சொல்லிவிட்டு மெஷினை நிறுத்தி அவளும் பார்ப்பாள்.

போன வருடம் மகளுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. ஆஸ்பத்திரி, ஊசி, வாந்தி, முடி கொட்டியது, உதடு வெடித்தது, எல்லாம் ஆயிற்று. அந்தக் கட்டிலில் அவளோடு உட்கார்ந்து சின்னத் திரையில் படம் படமாகப் பார்த்தார் சப்டைட்டில். சரியாகிவிட்டது என்றார்கள். முடி விரல் நீளத்துக்கு வளர்ந்தது, வேலைக்குக்கூடப் போனாள். போன வாரம் நோய் திரும்பி வந்துவிட்டது. திங்கட்கிழமை சேர்த்து மறுபடியும் மருந்து ஏற்ற ஆரம்பிக்க வேண்டும், தள்ளிப் போட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டரம்மா வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

"நான் வரல. போதும்" என்றாள் மகள். அறைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தலாம், அழுதிருந்தால் சேர்ந்து அழலாம். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், பாதி தொட்டும் தொடாமலும் வெளியே வரும். சித்தி வந்து கதவைத் தட்டி, "எல்லாம் சரியாயிடும் கண்ணு, மனசைத் தளர விடாதே" என்று நீளமாகப் பேசிப் பார்த்தாள். திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. கடையில் சப்டைட்டில் ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது கண்ணில் சொருகிவிட்டு, ஏன் தெரியவில்லை என்று அவரையே திட்டினார்.

"நீங்க பேசுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பா" என்றாள் மனைவி.

"என்னன்னு பேசுறது?"

"அப்பனாட்டம் ஏதாவது பேசுங்க. படம் கிடம்னு ஆரம்பிக்காதீங்க."

அவர் ஆரம்பித்தார். வேறென்ன செய்வார்? ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு மனிதனுக்குப் புது வாயா முளைக்கும்? இத்தனை வருடமும் சந்தோஷமோ துக்கமோ ஒரு படத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அடுத்தவர் பக்கத்தில் போயிருக்கிறார். மாமியார் இறந்தபோது மனைவிக்கு ஆறுதலாக ஒரு படத்தைப் போட்டுக் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

அவருக்கு ஞாபகம் வந்தது ஒரு தீவுப் படம். அவளை ஒத்த வயதில் ஒரு பெண், தீராத நோய். அப்பா படகோட்டி. கடலைத் தாண்டினால்தான் ஆஸ்பத்திரி. நான் வரமாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடிக்கிறாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் தினமும் காலையில் படகைக் கழுவித் துடைத்துத் தயாராக வைக்கிறார். கடைசியில் ஒருநாள் அவளே வந்து படகில் ஏறுகிறாள். படகு கிளம்புகிறது. அந்த இடம் சப்டைட்டிலுக்கு மனப்பாடம். எப்போதோ அரங்கத்தில் பார்த்த படம். அன்று ராத்திரியெல்லாம் தேடிக் கண்டுபிடித்து, மகளுக்கு அனுப்பிவிட்டு, காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கதவுக்கு வெளியே நின்றார்.

"பாப்பா, ஒரு படம் அனுப்பியிருக்கேன். ரொம்ப நல்ல படம். உனக்காகவே எடுத்த மாதிரி இருக்கும்." கதையைச் சொன்னார், படகு கிளம்புகிற வரைக்கும்.

உள்ளே கட்டில் அசைந்தது. மூன்று நாளைக்குப் பிறகு அவள் குரல் வந்தது.

"கடைசியில அந்தப் பொண்ணு பிழைச்சுக்கிறாளா?"

"பாத்துத் தெரிஞ்சுக்கோ" என்றார் அவர். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதோடு, மகள் பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில் சிரிக்கவும் செய்தார்.

உள்ளே கட்டில் மறுபடியும் அசைந்து அடங்கியது. மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"அவ என்ன கேட்டான்னு உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"படத்தைப் பத்திக் கேட்டா."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பார். போய் மறுபடியும் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

பஸ்ஸில் போகும்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்ததும் அடுத்த கேள்வி வந்தது. உண்மையில் அந்தப் பெண் பிழைக்கிறாளா? யோசித்தார். படகு கிளம்புகிறது, கரை சின்னதாகிறது. அதற்கப்புறம்? அதற்கப்புறம் ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. மறதி என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவருக்கு, இறங்க வேண்டிய நிறுத்தத்தில் கால் வைக்கும்போதுதான் விஷயம் விளங்கியது. அவர் அதற்கப்புறம் பார்க்கவே இல்லை.

அன்று அரங்கத்தில் படகு கிளம்பிய நேரத்தில் மேனேஜர் டார்ச் லைட்டோடு குனிந்து குனிந்து வந்தார். "உங்க வீட்டுலேருந்து போன். குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி இழுக்குதாம்." எழுந்தார், ஓடினார். அவர் வாழ்க்கையில் பாதியில் எழுந்து வந்த ஒரே படம் அது. குழந்தை பிழைத்தது, அந்தச் சந்தோஷத்தில் படத்தின் மீதி அவருக்கு வேண்டியிருக்கவில்லை. பார்த்த பாதியே நாளடைவில் முழுப்படமாக மனதில் உட்கார்ந்துவிட்டது. முடிவையே யாருக்கும் சொல்லாத மனிதருக்கு, தனக்கு முடிவு தெரியாது என்பது தெரிய வழியும் இல்லாமல் போயிற்று. அதையல்லவா பெற்ற மகளுக்குச் சிபாரிசு செய்துவிட்டு வந்திருக்கிறார்!

கடைக்குப் போனதும் யாராவது வருவதற்குள் பார்த்துவிடலாம் என்று இருட்டறையில் உட்கார்ந்து செல்போனில் படத்தைப் போட்டார். படகு கிளம்பும் இடத்துக்குத் தள்ளினார். அதற்குள் ஒரு அம்மாள் கண் காட்ட வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மூக்கில் சட்டத்தை மாட்டிவிட்டு, "அந்தப் பலகையைப் பாத்துக்கிட்டே இருங்க, கண்ணு பழகட்டும்" என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

நடுக்கடல். பெண் அப்பாவின் காலில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். அப்பா துடுப்புப் போட்டுக்கொண்டே திரும்பி ஏதோ கேட்கிறார். பதில் இல்லை. மறுபடியும் கேட்கிறார். கீழே எழுத்து ஓடவில்லை. ஓடுவதற்கு ஒன்றும் இல்லை. அப்பா துடுப்பை நிறுத்தவில்லை. கரை வருகிறது. ஆட்கள் வந்து கூப்பிடுகிறார்கள். அவர் படகைவிட்டு இறங்கவில்லை, அவள் தலையைக் காலிலிருந்து நகர்த்தாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். படம் முடிந்துவிட்டது.

"தம்பி, எனக்கு எல்லாம் மங்கலாத்தான் தெரியுது" என்றார் நாற்காலியில் இருந்த அம்மாள்.

"எனக்கும் அப்படித்தான்மா" என்றார் சப்டைட்டில். எழுந்தவர் திரையை விலக்கிக்கொண்டு, சட்டத்தை மாட்டிய அம்மாளை இருட்டில் விட்டுவிட்டு, கடைக்கு வெளியே ஓடினார். "யோவ் சப்டைட்டில், எங்கய்யா?" என்று லென்ஸ்காரர் கத்தியது காதில் விழவில்லை.

பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டார், மெஷின் சத்தத்தில் மனைவி எடுக்கவில்லை. மகளுக்குப் போடக் கை வரவில்லை. பார்த்திருப்பாளா? பார்த்திருந்தால்? போய்ச் சேர்வதற்குள்ளேயே செத்துப் போகிறவளின் கதையை, உனக்காகவே எடுத்த மாதிரி இருக்கும் என்று சொல்லி, பெற்ற அப்பன் கையால் கொடுத்திருக்கிறானே! அவருக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பார்த்திருக்கக் கூடாது, பார்த்திருக்கக் கூடாது என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்றவர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

பார்த்திருக்காவிட்டால் என்ன சொல்வது என்று யோசித்தார். அங்கேயே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் படத்துக்கு வேறு முடிவு செய்ய ஆரம்பித்தார்.

வீட்டுக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்து மனைவி மெஷினை நிறுத்தினாள். அவர் நேரே கதவுக்குப் போனார்.

"பாப்பா! படம் பாத்தியா?"

உள்ளேயிருந்து "பாதி" என்றாள். "படகு கிளம்புற வரைக்கும். தலை வலிச்சுது, நிறுத்திட்டேன்."

அவர் கதவிலேயே சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"மீதியை நீ பாக்க வேண்டாம். நான் சொல்றேன். படகு கரைக்குப் போய்ச் சேந்துடுது. ஆஸ்பத்திரியில சேத்துடுறாங்க. நல்ல ஆஸ்பத்திரி, பெரிய பெரிய ஜன்னல். டாக்டர் ரொம்பத் தங்கமான மனுஷன், கண்ணாடி போட்டிருப்பார்."

"கண்ணாடியா?"

"ஆமா, தங்க ஃபிரேம். மருந்து குடுக்கிறாங்க, நல்லா ஆயிடுது. முடியெல்லாம் இடுப்பு வரைக்கும் வளந்துடுது. அப்புறம் அப்பாவும் பொண்ணும் படகுல திரும்பி வர்றாங்க. ஊரே கரையில வந்து நிக்குது. எல்லாரும் கை தட்டுறாங்க. ஒரு பாட்டுகூட வருது."

வாழ்நாளெல்லாம் எந்த மாதிரி முடிவைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பாரோ, அந்த முடிவு அத்தனையையும் சேர்த்துக் கட்டி அந்தத் தீவில் இறக்கிவிட்டார். சொல்லி முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

உள்ளே நடந்து வரும் சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க முடிவு சொல்றீங்க."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"சின்ன வயசுல தரையில விழுந்து புரண்டு கேட்டிருக்கேன், ஒரு படத்துக்குக்கூடச் சொன்னதில்ல. இப்ப நான் கேக்காமலே சொல்றீங்க." கதவை விரலால் ஒருமுறை தட்டினாள். "அவ செத்துடுறா. அதானே?"

மனைவி பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றாள். அவர் மனைவியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"ஆமா" என்றார்.

"எங்க?"

"படகுலேயே. பாதி வழியில." அவருக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். "எனக்குத் தெரியாதும்மா. இன்னைக்குத்தான் பாத்தேன். தெரிஞ்சிருந்தா உனக்குக் குடுப்பேனா? அந்தப் படத்தை நான் முழுசாப் பாத்ததே இல்ல. பாதியில எழுந்து வந்துட்டேன்."

"யாரு? நீங்களா?"

"நானேதான். உனக்கு அப்போ ஒரு வயசுகூட ஆகல. காய்ச்சல் ஏறி இழுக்குதுன்னு போன் வந்துச்சு. எழுந்து ஓடி வந்துட்டேன்."

"படத்தைப் பாதியில விட்டுட்டா?"

"விட்டுட்டுதான்."

உள்ளே அவள் மூச்சுவிடுவது கேட்டது. அவர் கதவில் காதை வைத்துக்கொண்டார். திங்கட்கிழமையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று தவித்தார்.

"எல்லாரும் சரியாயிடும், சரியாயிடும்ங்கிறாங்க" என்றாள். "சித்தி சொல்றாங்க, அம்மா சொல்றாங்க. போன தடவையும் அதையேதான் சொன்னாங்க. எனக்கு அதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. நீங்க சொல்லுங்க. எனக்குச் சரியாயிடுமாப்பா?"

பழைய பதில் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதை விழுங்கினார். சரியாகிவிடும் என்று சொல்லத்தான் அவருடைய உடம்பு முழுவதும் துடித்தது.

"தெரியாது பாப்பா" என்றார். "சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சா இந்த ஒண்ணை மட்டும் உன்கிட்டச் சொல்லிடுவேன்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த அப்பா கடைசியில என்ன செய்றார்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் செய்யல. கரைக்கு வந்த பிறகும் அவளை விட்டு எழுந்திருக்கல. உக்காந்தே இருக்கார்."

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவில் சாய்ந்திருந்தவர் தடுமாறித் தரையில் கையை ஊன்றினார். மகள் நின்றுகொண்டிருந்தாள், இந்த மூன்று நாளில் பாதி ஆளாகப் போயிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"திங்கட்கிழமை கடைக்கு லீவு சொல்லிடுங்க. அப்புறமும் லீவு வேணும்" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

"லைட் போடுற வரைக்கும் எழுந்து போகக் கூடாது."

"மாட்டேன்" என்றார்.